கோடு தெரிகிற நிறம்

இரும்பை வெட்டுவதற்கு முன் அதன்மேல் கோடு கீற வேண்டும். அந்தக் கோடு தெரிய வேண்டுமென்றால் முதலில் இரும்பின்மேல் ஏதாவது ஒரு நிறத்தைப் பூச வேண்டும். வெறும் இரும்பில் எஃகு ஊசியால் கீறினால் சாம்பலுக்குள் சாம்பலாக ஒரு கீறல் விழும். தலையை ஒரு பக்கம் சரித்தால் தெரியும். மறுபக்கம் சரித்தால் காணாமல் போய்விடும். நிறம் பூசிய இரும்பில் கீறினால் நிறம் உரிந்து, அடியிலுள்ள இரும்பு மயிரளவு கோடாக மின்னும். அந்த மினுக்கத்தைப் பார்த்துத்தான் இரும்பறுக்கிற வாள் ஓட வேண்டும், துளை விழ வேண்டும்.

விஷயம் இவ்வளவுதான். ஆனால் எந்த நிறத்தைப் பூசுவது என்று முடிவெடுக்க முடியாமல் ஒரு வருடம் நான் நிம்மதியில்லாமல் அலைந்தேன்.

பல வருடங்களாக நான் பாவித்தது வெண்கட்டி. கரும்பலகையில் எழுதுகிற அதே வெண்கட்டிதான். கேற்றுக்கும் யன்னல் கம்பிக்கும் அது தாராளமாகப் போதும். அந்த வருடம் போதாமல் போனது. தூள் கோட்டுக்குள் விழுந்து கோட்டை மூடுகிறது என்று நினைத்தேன். அதனால் சுண்ணாம்பைப் பசையோடு கரைத்துப் பூசினேன். காய்ந்ததும் ஊசி பட்ட இடமெல்லாம் செதில் செதிலாக உதிர்ந்தது. பிறகு பருத்தித்துறையில் ஒரு கடையில் கறுப்பு மாக்கர் பேனை வாங்கினேன். கையில் இருக்கும் எண்ணெய் பட்டதும் அது அழிந்தது. பிறகு, கொழும்புக்குப் போய்வருகிற ஒருவரைக் கொண்டு, இதற்கென்றே விற்கிற நீலப் பூச்சில் ஒரு போத்தல் எடுப்பித்தேன். முதல் மாதம் நல்லது போலிருந்தது. பிறகு அது தடித்துப்போய், கோடு அகலமாக விழுகிறது என்று எனக்குத் தோன்றியது.

கையகலத் தகடு ஒன்றை எடுத்து அதை ஐந்து பட்டைகளாகப் பிரித்தேன். வெண்கட்டி, சுண்ணாம்பு, மாக்கர், நீலம் என்று நான்கு பட்டைகளில் பூசி, ஒரே ஊசியால் நான்கிலும் ஒவ்வொரு கோடு கீறினேன். ஐந்தாவது பட்டையை வெறுமையாக விட்டேன். நான் இன்னும் கண்டுபிடிக்காத நிறத்துக்காக. அந்தத் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் பட்டறைக் கொட்டிலுக்கு வெளியே வெயிலுக்கு வருவேன், உள்ளே மின்குமிழுக்குக் கீழே போவேன், மறுபடி வெளியே வருவேன். ஒரு கோடும் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் என் மனைவி அதை எடுத்து, எலி திறக்காமல் அரிசிமா வாளியின் மூடிமேல் பாரமாக வைத்துவிட்டாள்.

இப்போது எழுதும்போது காரணம் எனக்குத் தெரியும். அப்போதும் தெரிந்திருக்க வேண்டும். என் மனைவிக்குத் தெரிந்திருந்தது.

"இஞ்சருங்கோ, உங்கடை நிறங்களிலை ஒரு பிழையும் இல்லை. கண்ணிலைதான் பிழை. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கோ."

"கண்ணிலை ஒண்டுமில்லை."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை கோயிலிலை பாட்டுப் புத்தகத்தை ஏன் அவ்வளவு தூரம் நீட்டிப் பிடிச்சனீங்கள்? இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தால் முன் வாங்கிலை இருந்த மனுசியின்ரை கொண்டையிலை முட்டியிருக்கும்."

நான் பேசாமல் கொட்டிலுக்குப் போய்விட்டேன். எங்கள் வீட்டில் பேசாமல் எழுந்து போகிறவன் நான்தான்.

போகாததற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதை நான் அவளிடம்கூடச் சொல்லவில்லை. ஒருமுறை மாமியைக் கண் காட்டக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அங்கே சுவரில் ஓர் அட்டை தொங்கியது. மேலே பெரிதாக, கீழே வரவரச் சிறிதாக, ஆங்கில எழுத்துகள். ஒருவரை நாற்காலியில் இருத்தி ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக உரத்துச் சொல்ல வைத்தார்கள். நீள வாங்கில் காத்திருந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தமிழ் வாசிப்பேன், எழுதுவேன். ஆங்கிலத்தில் போல்ட் பெட்டிகளில் வருகிற சில எழுத்துகள் தெரியும். மற்றவை எனக்கு வெறும் வடிவங்கள். கண் தெரியவில்லையா, எழுத்துத் தெரியவில்லையா என்று அத்தனை பேருக்கு முன்னால் கேட்டால் நான் என்ன சொல்வது? இதைவிட ஒரு நல்ல நிறத்தைத் தேடுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் வெங்காய அக்கா வந்தா.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை. அது முடிகிற இடத்தில் கரவெட்டித் தோட்டங்கள் தொடங்குகின்றன. முதலாவது தோட்டம் அவவுடையது. வெங்காயமும், கிணற்றடியில், எங்கள் ஊரில் முந்திரிகை என்கிற திராட்சையின் ஒரு பந்தலும். அவவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் நிற்கிறவருக்கும் கேட்கவேண்டும் என்பதுபோலத்தான் எப்போதும் கதைப்பா. அன்று காலை உழவு மெசின் பெட்டியில் ஒரு எஞ்சினையும் ஒரு பம்பையும் ஏற்றிக்கொண்டுவந்து என் கொட்டிலின் வாசலில் இறக்குவித்தா.

நீர் இறைக்கும் மெசினில் பழைய எஞ்சின் போய்விட்டது. எங்கேயோ ஒரு பாவித்த எஞ்சின் வாங்கியிருக்கிறா. ஆனால் எஞ்சினின் முகத்திலுள்ள துளைகளும் பம்பின் முகத்திலுள்ள துளைகளும் பொருந்தவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு தடித்த தகடு வேண்டும். எஞ்சின் பக்கத்துக்கு நான்கு துளை, பம்ப் பக்கத்துக்கு நான்கு துளை, நடுவில் தண்டு போக ஒரு பெரிய துளை. தகட்டையும் கொண்டுவந்திருந்தா. நெல்லியடியில் வட்டமாக வெட்டி வாங்கிய அரை அங்குலத் தகடு. கடையில் அந்தத் தடிப்பில் இருந்தது அது ஒன்றுதானாம். அடுத்தது யாழ்ப்பாணத்திலிருந்து வர ஒரு கிழமையாகும்.

"முந்தநாள் பக்கத்துத் தோட்டக்காரன்ரை மெசினாலை இறைச்சனான். அவனுக்கும் அவன்ரை தோட்டம் கிடக்கு, திரும்பக் கேக்கேலாது. நாலாம் நாள் தண்ணி காணாட்டில் வெங்காயம் சாஞ்சிடும். இப்பதான் குமிழ் வைக்கிற நேரம், தம்பி."

"ஓம் அக்கா."

"எப்ப தருவாய்?"

"பாப்பம் அக்கா."

"பாப்பம் எண்டால் நாளைக்கோ, நாளையிண்டைக்கோ?"

"நாளையிண்டைக்கு."

"உன்ரை வாயிலையிருந்து ஒரு சொல்லு எடுக்கிறது, கிணத்துக்கை விழுந்த வாளியை எடுக்கிறமாதிரி."

அவ போன பிறகு பம்பின் முகத்தில் ஒரு கடதாசியை வைத்து, துளைகளின் விளிம்பில் சுத்தியலால் மெல்லத் தட்டி அச்சு எடுத்தேன். எஞ்சின் முகத்துக்கும் அப்படியே. அளவுகள் சரியாக வந்தன. அளவு எடுப்பதில் எனக்குப் பயமில்லை, அதைக் கை பார்த்துக்கொள்ளும். தகட்டில் கோடு கீறுவதில்தான் பயம். ஒரே ஒரு தகடு. ஒரு துளை பிழைத்தாலும் வேறு தகடு கிடையாது. சுழல்கிற தண்டு நேர் தவறாமல் எஞ்சினையும் பம்பையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய துளைகள் அவை எட்டும்.

நீலத்தைப் பூசினேன். கவராயத்தால் ஒரு வட்டம் கீறினேன். வட்டம் இரண்டாகத் தெரிந்தது. நீலம் தடித்துவிட்டது என்று தின்னர் விட்டுக் கரைத்துப் பூசினேன். அதே இரட்டை வட்டம். துடைத்துவிட்டு மாக்கர் பேனையால் தேய்த்தேன். துடைத்தேன். வெண்கட்டியைத் தேய்த்தேன். துடைத்தேன். மத்தியானத்துக்குள் நான்கு முறை பூசி நான்கு முறை துடைத்திருந்தேன். துணியெல்லாம் நீலம், கையெல்லாம் நீலம். தகடு மட்டும் அக்கா கொண்டுவந்தபடியே இருந்தது.

அப்போதுதான் மயில்துத்தம் நினைவுக்கு வந்தது. இளவயதில் நான் வேலை செய்த, வாகனம் திருத்துகிற கராச்சில் அதைப் பூசுவதை ஓரிரு தரம் கண்டிருக்கிறேன். மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்துச் சுத்தமான இரும்பில் தடவினால், இரும்பின்மேல் செம்பு படியும். அதில் கீறிய கோடு வெள்ளியாய் ஒளிரும். துணி பட்டாலும் அழியாது, விரல் பட்டாலும் அழியாது. இதை எப்படி மறந்தேன் என்று எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. ஐந்தாவது பட்டை இதுதான் என்று முடிவெடுத்தேன். திராட்சைப் பந்தல் உள்ள வீட்டில் மயில்துத்தம் கட்டாயம் இருக்கும். இலையில் பூஞ்சணம் பிடித்தால் அதைத்தான் தெளிப்பார்கள். ஒழுங்கையால் நடந்து அக்காவின் கிணற்றடிக்குப் போனேன்.

அவ பாத்திக்குள் குனிந்து நின்று, கயிற்றில் தொங்கிய ஒரு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெங்காயத் தாள்களில் புழுவின் முட்டை தேடிக்கொண்டிருந்தா.

"என்ன தம்பி, முடிஞ்சுதோ?"

"இல்லை அக்கா. மயில்துத்தம் கிடக்கோ?"

"ஓ, உங்கடை வளவிலையும் பிடிச்சிட்டுதோ? இந்தப் பனிக்கு எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. நில்லு."

எங்கள் வளவில் திராட்சையே இல்லை. எனக்கு எதற்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லத் தொடங்கினால் தகடு, கோடு, நீலம், இதுவரைக்கும் ஏன் தொடங்கவில்லை என்பதெல்லாம் சொல்ல வேண்டும். அவ கொட்டிலுக்குள் போய் ஒரு போத்தல் நிறைய வெளிர்நீலத் தண்ணீரைக் கொண்டுவந்து தந்தா. நான் "ஓம்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் தகட்டை சொரசொரப்பான உரக்கடதாசியால் தேய்த்துத் துடைத்து அந்தத் தண்ணீரைத் தடவினேன். செம்பு வரவில்லை. வெளிர்நீலமாகக் காய்ந்தது. இன்னொரு கை தடவினேன். அதுவும் காய்ந்தது. வெயிலில் வைத்தால் படியும் என்று வெயிலில் வைத்தேன். இரும்பில் நெய்ப்பற்று இருக்கிறது என்று சவர்க்காரம் போட்டுக் கழுவித் திரும்பத் தடவினேன். மூன்றாம் கைக்குப் பிறகு தகட்டில் நீலச்சாம்பல் நிறத்தில் ஓர் அடை படிந்திருந்தது. ஊசியை வைத்ததும் அது பொருக்காகக் கழன்று விழுந்தது. அன்று மூன்றாம் நாள். பொழுது பத்து மணியைத் தாண்டிவிட்டது. நான் கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன்.

அக்கா ஒழுங்கையால் வந்து எட்டிப் பார்த்தா. வெயிலில் கிடந்த தகட்டைக் கண்டா. என் கையிலிருந்த தூரிகையைக் கண்டா.

"தம்பி, இரும்புக்கும் பூஞ்சணம் பிடிக்குமோ?"

நான் தூரிகையை முதுகுக்குப் பின்னால் வைத்தேன்.

"உதை ஏன் என்ரை தகட்டுக்குப் பூசினனி? உது முந்திரிகைக்குத் தெளிக்கிற மருந்தெல்லே."

"செம்பு படியும் எண்டு..."

"எப்பிடிப் படியும்? சுண்ணாம்பு போட்டுக் கலக்கினதெல்லே உது! இலை கருகாமல் இருக்க அரைக்கரைவாசி சுண்ணாம்பு. எனக்குத் தனித் துத்தம் வேணும், தகட்டுக்கு எண்டு வாயைத் திறந்து சொன்னால் கட்டியாத் தந்திருப்பன். நீ திறக்கமாட்டாய். நான் எங்கடை தம்பியின்ரை முந்திரிகை சாகப்போகுது எண்டு நேற்று மனுசனட்டை எல்லாம் சொல்லிக் கவலைப்பட்டுக்கொண்டு இருந்தனான்."

"எங்களிட்டை முந்திரிகை இல்லை அக்கா."

"அதை இப்ப சொல்லு!"

சிரிப்பாவோ, ஏசுவாவோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா இரண்டும் செய்தா. பிறகு தானே போய், கடதாசியில் சுற்றிய நீலக் கட்டிகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, "பின்னேரம் வருவன்" என்று சொல்லிப் போனா.

கட்டிகளைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, பற்றறி அமிலம் சில துளி விட்டேன். தகட்டைத் தேய்த்து வெளிச்சமாக்கி, துணியை நனைத்து ஒரு தடவை இழுத்தேன். இழுத்த இடம் முழுவதும் என் கண் முன்னாலேயே செம்பாகியது. சட்டி விளக்கியதுபோல ஒரு சிவப்பு. கவராயத்தை எடுத்துப் பெரிய வட்டத்தைக் கீறினேன். மையத்தினூடாகக் குறுக்குக் கோடுகளைக் கீறினேன்.

கோடு இரண்டாகத் தெரிந்தது.

தகட்டைத் திருப்பினேன். யன்னலடிக்குக் கொண்டுபோனேன். வெளியே கொண்டுபோனேன். கையை நீட்டிப் பிடித்தால் கோடு ஒன்றாகிறது, ஆனால் மங்கிவிடுகிறது. கிட்டக் கொண்டுவந்தால் இரண்டாகிறது. இதற்கு மேல் பூச என்னிடம் நிறம் இல்லை. செம்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் நான் நின்றிருக்கலாம். மனைவியைக் கூப்பிட்டு, "இஞ்சேரும், இந்தக் கோடு எங்கை நிக்குது எண்டு பாரும்" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் ஓர் இடத்தை மனத்தில் பிடித்து, துளைக்குக் குறிபோடுகிற கூர் இரும்பான பஞ்சை வைத்துச் சுத்தியலால் ஒரு அடி அடித்தேன். றில் மெசினில் பூட்டி முதல் துளையைப் போட்டேன். இரும்புச் சுருள் நீளமாக வெளியே வந்தது. சுருள் அப்படி வந்தால் வேலை நன்றாகப் போகிறது என்று கைக்கு ஒரு நம்பிக்கை வரும். பொய்யான நம்பிக்கை.

அக்கா சொன்னபடி பின்னேரம் வந்தா. தகட்டைப் பார்த்து முதலில், "அம்மாடி, வடிவாயெல்லோ இருக்கு, பூசை வைக்கலாம் போலை" என்றா. பிறகு கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தா.

"இந்தத் துளை ஏன் தம்பி கோட்டுக்கு வெளியாலை நிக்குது?"

"இல்லை அக்கா. கோட்டிலைதான்."

"எந்தக் கோட்டிலை? கோடு இஞ்சை போகுது. துளை அங்காலை நிக்குது."

"வெளிச்சம் சரியில்லை..."

அவ என்னை ஒரு கணம் பார்த்தா. அந்தப் பார்வையில் பகிடி இருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, கயிற்றோடு என் தலைக்கு மேலால் போட்டுவிட்டா. ரோசா நிறச் சட்டம்.

"பார்."

குனிந்தேன். கோடு ஒன்றுதான் இருந்தது. மெல்லியதாக, கூர்மையாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. செம்புக்குள் ஊசி போன தடத்தின் இரு கரைகளும் எனக்குத் தெரிந்தன. என் கைவிரலின் ரேகைகள் தெரிந்தன, அவற்றுக்குள் நேற்றைய நீலம் தெரிந்தது. துளையும் தெரிந்தது. நகத்தின் தடிப்பளவுக்குக் கோட்டை விட்டு விலகி நின்றது.

எனக்குச் சந்தோசம் வரவில்லை.

"பிழைச்சுப்போச்சு அக்கா" என்றேன்.

"எவ்வளவு?"

"நகத்தின்ரை தடிப்பளவு."

"இனி?"

"துளையை அரத்தாலை கொஞ்சம் நீட்டவேணும். வட்டமா இராது, முட்டை மாதிரி வரும். தடிச்ச வாசர் போட்டு இறுக்கலாம்."

"ஓடுமோ?"

"ஓடும். ஆனால்..."

"ஆனாலை விடு. வெங்காயம் ஆனால் கேளாது. உந்தக் கண்ணாடியை வைச்சிரு. என்னட்டை நாலு சோடி கிடக்கு, கோயில் திருவிழாவுக்குத் திருவிழா வாங்கிறனான்."

மீதி ஏழு துளைகளையும் நடுத்துளையையும் அந்த ரோசாக் கண்ணாடியோடு போட்டேன். ஏழும் கோட்டில் நின்றன. முதல் துளையை அரத்தால் நீட்டினேன். பொழுது படுமுன் தேநீர் கொண்டுவந்த மனைவி வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள்.

"சிரியும். சத்தமாச் சிரியும்" என்றேன்.

"இல்லை, வடிவாத்தான் இருக்கு. வாற ஞாயிறு கோயிலுக்கும் போட்டுக்கொண்டு வாங்கோ."

நாலாம் நாள் காலை மெசினைப் பூட்டினோம். முட்டைத் துளைக்குத் தடித்த வாசர் வைத்து, என்னால் முடிந்த மட்டும் இறுக்கினேன். எஞ்சின் இரண்டாம் இழுவையில் பிடித்தது. குழாய் ஒருமுறை இருமி, சேறும் தண்ணீருமாகக் கக்கி, பிறகு தெளிந்த தண்ணீரை வாய்க்காலில் தள்ளியது. அக்காவின் மனுசன் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பி மாறத் தொடங்கினார். வெங்காயத்தின் தாள் நுனிகள் ஏற்கெனவே சற்று மடங்கியிருந்தன. நான் அவற்றைப் பார்த்தேன். தகட்டைப் பார்த்தேன். அந்த ஒரு நட்டைப் பார்த்தேன்.

அதிர்வில் அந்த நட்டு கழன்றால், நீண்ட துளைக்குள் போல்ட் நகரும். போல்ட் நகர்ந்தால் தண்டு நேர் தவறும். பம்ப் உடையும். குமிழ் வைக்கிற வெங்காயம் இன்னொரு கிழமை தண்ணீருக்குக் காத்திருக்காது. இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் மெசின் சத்தத்துக்கு மேலால் கத்தித்தான் சொன்னேன். நான் கத்தியதை அந்த அக்கா அன்றுதான் முதல்முறை கேட்டிருப்பா.

"அக்கா! ஒரு துளை வட்டமில்லை! அதை மறக்கக்கூடாது!"

"தண்ணி அந்தத் துளைக்குள்ளாலையோ போகுது?"

"இல்லை!"

"அப்ப ஏன் கத்துறாய்?"

நட்டு கழன்றதா இல்லையா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. நட்டிலிருந்து தகடுவரை குறுக்கே ஒரு கோடு போட வேண்டும். நட்டு ஒரு மயிரளவு திரும்பினாலும் கோடு உடைந்து காட்டும். ஆனால் எதனால் போடுவது? எண்ணெயிலும் தண்ணீரிலும் வெண்கட்டி நிற்காது, மாக்கர் நிற்காது, நீலம் நிற்காது, ஈரமும் அதிர்வும் உள்ள இடத்தில் செம்பு கறுத்துவிடும். மறுபடியும் எந்த நிறம் என்று தடுமாறிக்கொண்டு நின்றேன். ஆனால் இந்தமுறை வாயைத் திறந்து கேட்டேன்.

"அக்கா, வீட்டிலை கொஞ்சம் பெயின்ற் கிடக்கோ? கழலாத பெயின்ற்."

"பெயின்ற் இல்லை. மகள் விட்டுட்டுப்போன நகப்பூச்சு கிடக்கு."

நல்ல சிவப்பு. மெசினை நிறுத்தி, எண்ணெயைத் துடைத்து, அந்தச் சின்னத் தூரிகையால் நட்டின் தலையிலிருந்து தகடுவரை ஒரு கோடு இழுத்தேன். நகம் பூசுவதுபோலவே இருந்தது. அக்காவின் மனுசன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "இந்தப் பக்கத்து மற்ற மூண்டு நட்டும் கோவிக்கப்போகுது" என்றார்.

அடுத்த கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரோசாக் கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டு போனேன். வாங்கில் இருந்த ஒன்றரை மணித்தியாலமும், தெரிந்த ஆங்கில எழுத்துகளை மனத்துக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தேன். பெயர் கூப்பிட்டதும் எல்லாம் மறந்துவிட்டது. நாற்காலியில் இருந்தேன். கண் பரிசோதிக்க அங்கே நின்ற இளம் பிள்ளை தலை நிமிராமலேயே கேட்டாள்.

"எழுத்து வாசிப்பியளோ ஐயா, அல்லாட்டில் அடையாளம் காட்டுறதோ?"

"அடையாளம்" என்று உடனே சொன்னேன்.

அவள் அட்டையை மற்றப் பக்கம் திருப்பித் தொங்கவிட்டாள். அதில் எழுத்தே இல்லை. மூன்று கால் நீட்டிய ஒரே ஒரு வடிவம், வரிக்கு வரி சிறிதாகி, ஒருமுறை மேலே பார்த்தபடி, ஒருமுறை பக்கம் திரும்பியபடி. கால் எந்தப் பக்கம் நீட்டுகிறது என்று கையால் காட்டினால் போதும். நான் வாய் திறக்கவே தேவையிருக்கவில்லை. கடைசி வரிவரை காட்டினேன். தூரப் பார்வையில் ஒரு குறையும் இல்லை, கிட்டத்துக்குத்தான் கண்ணாடி வேண்டும் என்றாள். ஒரு வருடமாக நான் பயந்துகொண்டிருந்தது அந்த அட்டையின் ஒரு பக்கத்துக்கு.

புதுக் கண்ணாடி வந்த அன்று முதல் வேலையாக அரிசிமா வாளியின் மூடியிலிருந்து தகட்டை எடுத்தேன். மாவைத் தட்டிவிட்டு யன்னலடியில் பார்த்தேன். வெண்கட்டியில் கோடு தெரிந்தது. உதிர்ந்தது போக மீதிச் சுண்ணாம்பில் தெரிந்தது. மாக்கரில் தெரிந்தது. நீலத்தில் மிக நன்றாகத் தெரிந்தது. ஐந்தாவது, வெறும் பட்டையில்கூட, எப்போதோ தவறுதலாக ஊசி பட்ட ஒரு கீறல் இருந்தது. அதுவும் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. இந்த ஒரு வருடத்தில் என் கொட்டிலைவிட்டு எத்தனை கேற்றுகள், கீல் பிணைச்சல்கள், யன்னல்கள் போயிருக்கின்றன? அவற்றில் எத்தனை கோடுகளை நான் இரண்டாகப் பார்த்து, நடுவில் ஓரிடத்தை மனத்தில் பிடித்து அடித்திருப்பேன்?

சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். ஒழுங்கை திரும்புகிற வளைவிலுள்ள வீட்டுக் கேற்றில், கீழ்ப் பிணைச்சல் ஒரு நூலளவு வெளியே நின்றது. அடுத்த வீதியில் ஒரு யன்னல் கம்பி சரியாக இருந்தது. அதற்கடுத்த வீட்டில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேற்றடியில் குனிந்து நின்றபோது, உள்ளே பூமரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"என்ன அண்ணை, ஏதும் விழுந்திட்டுதோ?"

"இல்லை. சும்மா."

அந்தக் கேற் ஒழுங்காகத்தான் திறந்து மூடுகிறது. பூட்டும் ஒழுங்காக விழுகிறது. அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்தபோது கோட்டைத் தேடி அலைந்தேன். தெரிந்த பிறகு இப்படி அலைகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து தடித்த தகடு வந்ததும் அக்காவுக்கு இன்னொன்று செய்தேன். எட்டுத் துளையும் வட்டம். மயில்துத்தம்தான் பூசினேன். மிச்சக் கட்டிகள் இருந்தன என்பதற்காக மட்டும். கொண்டுபோய்க் காட்டியபோது அவ தகட்டைத் தொடவே இல்லை.

"ஓடுற மெசினைக் கழட்டவிடமாட்டன். வெங்காயம் கிண்டினாப்பிறகு வா."

அதனால் ஒவ்வொரு நாலாம் நாளும் நான் போனேன். கொட்டிலில் நின்றாலே மெசின் பிடிக்கிற சத்தம் கேட்கும். கேட்டதும் கையிலிருப்பதை வைத்துவிட்டுக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் நடப்பேன். குனிந்து சிவப்புக் கோட்டைப் பார்ப்பேன். நிமிர்வேன். வருவேன்.

"பொம்பிளை பாக்க வாறமாதிரி வந்து வந்து பாக்கிறாய். உனக்கு அவளைப் பிடிச்சிருக்கோ இல்லையோ?" என்பா அக்கா.

வெங்காயத்தை மண்ணிலிருந்து கிண்டி எடுத்து முடிந்த நாள் என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட்டா. கிணற்றடியில் வெங்காயப் பிடிகளைக் கட்டிக் குவித்திருந்தார்கள். தாள்கள் பழுத்து, குமிழ்கள் சிவந்து பருத்திருந்தன. நான் புதுத் தகட்டையும் நட்டுக் கழற்றுகிற சாவிகளையும் கீழே வைத்துவிட்டு மெசினடியில் குந்தினேன். கண்ணாடியைப் போட்டேன். சிவப்புக் கோடு நட்டிலிருந்து தகடுவரை ஒரே கோடாக இருந்தது. ஒரு வெடிப்பில்லை. மயிரளவும் அசையவில்லை.

அக்காவும் தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் குந்திப் பார்த்தா.

"அசையேல்லையே."

"இல்லை."

"அப்ப என்னத்துக்குக் கழட்டுறாய்?"

"வட்டமில்லை அக்கா" என்றேன்.

"செய், செய். நீ ஒரு விசரன்" என்று சொல்லிவிட்டு, விழுந்துவிடாமல் பம்பைத் தானே இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தா.

சாவியை நட்டில் வைத்தேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. உடம்பின் பாரத்தைக் கொடுத்து இழுத்தேன். சிவப்புக் கோடு நடுவில் உடைந்து, ஒரு பாதி நட்டோடு திரும்பியது.